படிப்பு, பயணம், நடுவில் ஓர் அடுப்பு

ஒரு தம்பி இப்படிக் கேட்டிருந்தார்: “எனக்கு 27 வயது. மெக்கானிக்கல் முடித்துவிட்டு நான்கு வருஷமாக ஸ்ரீபெரும்புதூரில் வேலை. மூன்று ஆசை இருக்கிறது. வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் படிக்க வேண்டும், நன்றாகச் சமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், நாலு நாடு பார்க்க வேண்டும். வீட்டில் ‘எல்லாத்துக்கும் ஆசைப்படாதே, ஏதாவது ஒண்ணைப் பிடி’ என்கிறார்கள். எதை விடுவது அக்கா?”

எதையும் விட வேண்டாம் தம்பி. தனித்தனியாக வைத்துப் பார்ப்பதால்தான் மூன்றும் ஒன்றோடொன்று போட்டி போடுவது போலத் தெரிகிறது. ஒரே ஊரில், ஒரே அறை வாடகையில், இரண்டு மூன்று வருடத்துக்குள் மூன்றும் நடக்கும். எனக்கு நடந்தது. 2015 அக்டோபரில், 28 வயதில், விருதுநகரிலிருந்து ஜெர்மனியின் மேற்கு எல்லையில் இருக்கும் ஆகன் நகரத்துக்குப் படிக்கப் போனேன். நான் வாழ்ந்து பார்த்த நாடு அது என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். வேறு நாட்டுக்குப் போனால் விதிகள் மாறும், அடுப்படி விஷயம் மாறாது.

மூன்றில் எல்லோரும் தயாராகிக்கொண்டு போவது படிப்புக்கு. கனவு காண்பது பயணத்தைப் பற்றி. சமையலை மட்டும் ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் நான் பார்த்த வரையில், மற்ற இரண்டும் ஓடுவது சமையலை நம்பித்தான். கையில் எவ்வளவு பணம் மிஞ்சும், உடம்பு தாங்குமா, யார் நண்பர்களாக வருவார்கள் என்பதெல்லாம் அந்த அடுப்படியில்தான் முடிவாகிறது. அதை விரிவாகச் சொல்வதற்கு முன்னால் படிப்பைப் பற்றி, ஏனென்றால் விசா கிடைப்பது அதனால்தான்.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் சில நூறு யூரோ செமஸ்டர் தொகை மட்டும் கட்டுவோம். விதிவிலக்குகள் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலத்திலிருந்து மாஸ்டர்ஸுக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வைத்திருக்கிறது, அதுவும் ஒவ்வொரு செமஸ்டருக்கும். ஆகவே பெயரைப் பார்த்து மயங்காமல், எந்த மாநிலம், எந்தப் படிப்பு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். டாட் என்று நாம் சொல்லும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற நிறுவனத்தின் தளத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகள் அத்தனையையும் தேடலாம். உங்களுக்கு நான்கு வருட வேலை அனுபவம் இருக்கிறது. அந்த நிறுவனமே, வளரும் நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு, குறைந்தது இரண்டு வருட அனுபவம் கேட்கும் உதவித்தொகை ஒன்று கொடுக்கிறது. ஈபாஸ் என்பார்கள். பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அதற்குரிய படிப்புகளின் பட்டியலில் உங்கள் துறை இருந்தால் கட்டாயம் விண்ணப்பியுங்கள்.

என் காலத்தில் இல்லாத ஒன்று இப்போது வந்திருக்கிறது: ஏபிஎஸ் சான்றிதழ். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம். நம் மார்க் ஷீட்டுகள் உண்மையானவையா என்று சரிபார்த்துக் கொடுப்பார்கள். 18,000 ரூபாய் கட்ட வேண்டும், கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். முதலில் இந்த வேலையை முடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள். அப்புறம், வயது. 27 ஒன்றும் தாமதம் இல்லை. ஆனால் 30 என்ற எண்ணை மனதில் வையுங்கள். அரசு மருத்துவக் காப்பீட்டில் மாணவர்களுக்கான குறைந்த கட்டணம் 30 வயது முடியும் செமஸ்டர் வரைதான். அதற்குப் பிறகு சேர்பவர்கள் தனியார் காப்பீடு தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் ‘இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்’ என்று சொன்னால் காட்டுவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் கிடையாது.

இப்போது பணம். விசாவுக்கு முன்னால் ஒரு வருடச் செலவுக்கான தொகையை முடக்கக் கணக்கில் போட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தாலே சுமார் 12 லட்சம். கேட்டதும் பயம் வரும், ஆனால் அது யாருக்கும் கொடுக்கும் பணம் இல்லை. அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உங்கள் கைக்கே திரும்பி வரும். அந்த 992-ஐ ஒரு தாளில் பிரித்துப் பாருங்கள். அறை வாடகை 400 என்று வையுங்கள். மாணவர் விடுதி கிடைத்தால் குறையும், பெரிய நகரம் என்றால் கூடும். காப்பீடு 145. செமஸ்டர் தொகையை மாதமாகப் பிரித்தால் 55. போன், வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 25. மிச்சம் 367 யூரோ. மதியம் பல்கலைக்கழக உணவகத்தில், அதை மென்சா என்பார்கள், மூன்று நான்கு யூரோவுக்குச் சாப்பாடு கிடைக்கும். இரவும் வார இறுதியும் வெளியே சாப்பிட்டால் ஒரு வேளைக்கு எட்டு யூரோவுக்குக் குறையாது. அப்படியே போனால் 367-ம் வாய்க்குள்தான் போகும். நான் வீட்டில் சமைத்தபோது மாதம் 150 யூரோவைத் தாண்டியதில்லை. மீதி இருநூற்றுச் சொச்சம்தான் எனக்கு ரயில் டிக்கெட்டாகவும் விடுதிக் கட்டணமாகவும் மாறியது. மாஸ்ட்ரிக்ட், பிரஸ்ஸல்ஸ், பிராக் எல்லாம் நான் பார்த்தது சாம்பார் வைத்து மிச்சம் பிடித்த காசில்தான்.

சரி, அடுப்படிக்கு வருவோம்.

கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்னால் கடைத்தெருவில் முந்நூறு ரூபாய்க்கு ஒரு சமையலறைத் தராசு வாங்கினேன். அம்மா சமைக்கும்போது பக்கத்தில் நின்றுகொள்வேன். “எவ்வளவு பருப்பும்மா?” “ஒரு கை போடு.” அந்தக் கையை அப்படியே நிறுத்தச் சொல்லித் தராசில் கொட்டுவேன். 52 கிராம். “எலுமிச்சங்காய் அளவு புளி” என்பார். உருட்டி வாங்கித் தராசில் வைத்தால் 28 கிராம். உப்பு, மிளகாய்த்தூள், ரசத்துக்கு நுணுக்கும் மிளகு, எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனதும் அம்மாவே கரண்டியைத் தராசுப் பக்கம் நீட்ட ஆரம்பித்துவிட்டார். கண்ணளவு என்பது நூறு தடவை சமைத்த பிறகு வருவது தம்பி. அதுவரைக்கும் கிராம் கணக்குதான் கைகொடுக்கும். நீங்கள் ‘நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று சொல்கிறீர்கள் இல்லையா, அந்தப் படிப்பு உங்கள் வீட்டில்தான் தொடங்குகிறது. அதற்கு விசா வேண்டாம்.

அங்கே போனதும் முதல் சோதனை தாளிப்பு. கண்ணாடித் தட்டு போட்ட மின்அடுப்புதான் பெரும்பாலும் இருக்கும். வாணலியின் அடி உருண்டையாக இருந்தால் சூடே ஏறாது. அதனால் குக்கரானாலும் வாணலியானாலும் அடி தட்டையாக இருப்பதையே எடுத்துப் போங்கள். கேஸ் அடுப்பில் திருகியவுடன் தீ அடங்கும், இதில் அணைத்த பிறகும் தட்டில் கனல் நிற்கும். கடுகு முதல் வெடிப்பு வெடித்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். மிச்சச் சூட்டிலேயே உளுந்து சிவந்து மிளகாயும் பொரிந்துவிடும். நம் ஊர்க் கணக்கில் காத்திருந்தால் மிளகாய் கருகி, அந்த மாடி முழுக்க இருமும், புகை எச்சரிக்கை மணி அலறும். ஜன்னலைத் திற, நடைக்கதவைச் சாத்து, பிறகு எண்ணெய் ஊற்று. இந்த வரிசையை இன்றுவரை நான் மாற்றியதில்லை.

குக்கர் விசில் சத்தமும் அவர்களுக்குப் புதிது. இரவு பத்து மணிக்கு மேல் அமைதி காக்க வேண்டும் என்பதை அங்கே எல்லோரும் மதிப்பார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை பகலில் இரண்டு மணி நேரம் ஒதுக்கிவிடுவேன். பருப்பை மொத்தமாக வேகவைத்து டப்பாக்களில் பிரித்து உறைய வைப்பேன். ஒரு புளிக்காய்ச்சல், ஒரு வெங்காய-தக்காளித் தொக்கு. பொதுக் குளிர்சாதனப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டுதான் என்பதால் டப்பாக்கள் சதுரமாக இருக்க வேண்டும், வட்ட டப்பா இடத்தைத் தின்னும். வாரநாளில் சோறு மட்டும் வைத்தால் இருபது நிமிடத்தில் சாப்பாடு தயார். பரீட்சை நேரத்தில் இந்த இருபது நிமிடக் கணக்குதான் என்னைக் காப்பாற்றியது.

சாமான் கிடைக்குமா என்று கவலைப்பட வேண்டாம். மைசூர் பருப்பு எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும், குக்கர் இல்லாமலே கால் மணி நேரத்தில் வெந்துவிடும். நம் நூக்கல் அங்கே வீட்டுக் காய் மாதிரி. கோல்ராபி என்பார்கள், துண்டு போட்டு உப்புத் தொட்டுப் பச்சையாகவே தின்பார்கள். நான் கூட்டு வைத்தேன். முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு எல்லாமே மலிவு. கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், நல்ல கெட்டித் தயிர் வேண்டுமென்றால் துருக்கிக்காரர் கடைக்குப் போங்கள். அவர்கள் குடிக்கும் அய்ரான் நம் உப்பு மோரேதான். உளுந்தும் கறிவேப்பிலையும் ஆசியக் கடைகளில், குறிப்பாக ஈழத் தமிழர் கடைகளில் கிடைக்கும். ஊரிலிருந்து எடுத்துப் போவதில் மட்டும் கவனம். பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் இதில் அடங்கும், பாட்டி எவ்வளவு ஆசையாகக் கட்டிக்கொடுத்தாலும் சரி. பழம், காய், இலை தழைகளுக்குத் தாவரநலச் சான்று வேண்டும். வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் என்று ஐந்து பழங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பொடிகளாகக் கொண்டுபோவதுதான் நிம்மதி. சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி.

இட்லியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிசம்பரில் மாவு பொங்காது. எவ்வளவு நேரம் வைத்தாலும் அரைத்தது அரைத்தபடியே கிடக்கும். பல வாரம் தோற்ற பிறகு ஒரு வழி பிடிபட்டது. ஓவனைச் சூடாக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டுவிட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். அந்தச் சின்ன பல்பின் கதகதப்பே போதும். பதினாறு மணி நேரம் கழித்துத் திறந்தால் மாவு விளிம்புவரை வந்து நிற்கும்.

முதல் தடவை வெற்றி கிடைத்த இரவில், கூட ஒரே மாடியில் இருந்த சிரியா நாட்டுப் பெண் தண்ணீர் குடிக்க வந்தவர், விளக்கு எரியும் ஓவனுக்கு முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “இது உயிரோடு இருக்கிறதா?” என்று கேட்டார். மாவு மெல்ல மெல்ல மேலே ஏறுவது கண்ணாடி வழியே தெரிந்தது. மறுநாள் காலை முதல் ஈடு இட்லியை அவருக்குத்தான் கொடுத்தேன். அடுத்த வாரம் அவர் மைசூர் பருப்பில் சீரகமும் எலுமிச்சையும் போட்டு அவர்கள் ஊர் சூப் வைத்துக் கொடுத்தார். எனக்கு அது வீட்டுப் பருப்பு ரசத்தின் ஒன்றுவிட்ட அக்கா மாதிரி இருந்தது. எதிர் அறையில் இருந்த ஸ்பெயின்காரர் உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்த அடை செய்யக் கற்றுக்கொடுத்தார், திருப்பிப் போடத் தட்டைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். கொலோன் பக்கத்தில் உருளைக்கிழங்கைத் துருவிச் சுடும் அடையை ஆப்பிள் கூழ் தொட்டுச் சாப்பிடுவார்கள் என்பதும் இப்படித்தான் தெரிந்தது. முறையாகப் படிக்க ஆசை என்றால் ஒவ்வொரு ஊரிலும் மக்கள் கல்விக்கூடம் இருக்கும். மொழி வகுப்போடு சமையல் வகுப்பும் குறைந்த கட்டணத்தில் நடத்துவார்கள். நான் ஒரு குளிர்காலம் அங்கே ரொட்டி சுடக் கற்றேன். புளிக்க வைத்த கம்பு மாவு, பக்கத்தில் வைத்து முகர்ந்தால் நம் கூழ் வாசனை. (கம்பு என்றது வசதிக்காக. அது ரை என்ற வேறு தானியம்.)

நன்றாகச் சமைப்பது என்றால் பத்துக் குழம்பு தெரிவது என்று போவதற்கு முன்னால் நினைத்திருந்தேன். அங்கே கற்றது வேறு. முன்னால் இருக்கும் காயை வைத்து, முன்னால் இருக்கும் ஆளுக்கு ஏற்றபடி சமைப்பது. ஏப்ரலில் வெள்ளை ஆஸ்பராகஸ், தண்டாகவே வேகவைத்துத் தின்னும் ஒரு காய், வரும், ஜூன் 24 வந்தால் அறுவடையை நிறுத்திவிடுவார்கள். அது வரும்போது ஊரே அதைத்தான் சாப்பிடும். பருவம் பார்த்துச் சாப்பிடும் அந்தப் பழக்கம் எனக்குப் பிடித்துப்போனது.

அந்தச் சிரியத் தோழி புள்ளியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் இரண்டாவது செமஸ்டரில் ஒரு பாடத்தில் தோற்றேன். தப்பு என்னுடையதுதான். வசந்தம் வந்ததும் ஒவ்வொரு வார இறுதியும் எங்காவது கிளம்பினேன். அங்கே வருகைப் பதிவு கேட்க மாட்டார்கள், இன்டர்னல் மார்க் என்று பெரும்பாலும் எதுவும் இல்லை. செமஸ்டர் கடைசியில் ஒரே ஒரு தேர்வு, அதில்தான் எல்லாம். 1.0 தான் முதல் தர மதிப்பெண், 4.0 வந்தால் பாஸ். ஒரு பாடத்துக்குப் பொதுவாக மூன்று வாய்ப்புத்தான். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற வேண்டியிருக்கும், வேறு பல்கலைக்கழகத்திலும் அதே படிப்பில் சேர முடியாது. இந்த விதி எனக்குத் தோற்ற பிறகுதான் உறைத்தது. அன்று இரவு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். தோழி எதுவும் கேட்காமல் சூப்பைச் சூடாக்கி முன்னால் வைத்துவிட்டு, “வினாத்தாளைக் கொண்டு வா” என்றார். ஆறு வாரம், சாப்பாட்டு மேசையிலேயே எனக்குப் பாடம் நடந்தது. மறுதேர்வில் 1.7 வந்தது. அதிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். தேர்வுக்கு முந்தைய ஆறு வாரம் ஊரைத் தாண்டுவதில்லை. மீதி மாதங்களில் மாதத்துக்கு ஒரு வார இறுதி பயணத்துக்கு. நீங்களும் உங்களுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதல் நாளிலேயே.

பயணம் என்றதும் பாரிஸ், ரோம் என்று பெரிய ஊர்களாக மனதில் வரும். அவையும் பார்க்கலாம். ஜெர்மனியின் தங்கும் அனுமதி அட்டையும் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால் ஷெங்கன் என்ற பொது விசா ஏற்பாட்டில் இருக்கும் மற்ற ஐரோப்பிய நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் சுற்றலாம். ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. லண்டனுக்கும் டப்ளினுக்கும் மட்டும் தனி விசா வேண்டும். ஆனால் என் மனதில் தங்கியவை பக்கத்து ஊர்கள்தான். ஆகனிலிருந்து வால்ஸ் என்ற நெதர்லாந்து ஊருக்கு நகரப் பேருந்தே போகும். அங்கிருந்து ஒரு குன்றில் ஏறினால் 322 மீட்டர் உயரத்தில் ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் சந்திக்கும் கல் நட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அங்கே நான்காவதாகவும் ஒரு நிலம் இருந்தது. மோரெஸ்னெட் என்ற சின்னஞ்சிறு நடுநிலைப் பகுதி, ஒரு துத்தநாகச் சுரங்கத்துக்காக எந்த ஒரு நாட்டுக்கும் தனிச் சொந்தமாகாமல் 1816-லிருந்து நூறு வருடத்துக்கு மேல் நீடித்தது. பாஸ்போர்ட்டுக்காகத் தட்கலில் ஓடி, விசாவுக்காகக் கோப்பு சுமந்து நின்ற எனக்கு, மூன்று நாட்டையும் பத்து அடியில் சுற்றி வந்தது சாதாரணமாக இல்லை. அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் அன்று கடைகள் சாத்தியிருக்கும். ஆனால் எல்லை தாண்டி பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் ஞாயிறு காலைதான் ஆற்றங்கரை நெடுக லா பாத் சந்தை நடக்கும். ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வெங்காயம், ஆலிவ், பாலாடைக்கட்டி, உயிருள்ள கோழி, எல்லாம் எங்கள் விருதுநகர் சந்தைக் கூச்சலோடு. பயணமும் காய்கறி வாங்குவதும் ஒரே டிக்கெட்டில் முடிந்தது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சந்தைக்குப் போகிற பழக்கம் எனக்கு அங்கே வந்ததுதான். அருங்காட்சியகத்தில் அந்த ஊரின் பழைய காலம் இருக்கும், சந்தையில் இன்று மத்தியானம் அங்கே என்ன சமைக்கிறார்கள் என்பது இருக்கும்.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 மே மாதத்தில், மாதத்துக்கு 49 யூரோ விலையில் நாடு முழுக்கச் செல்லும் டிக்கெட் ஒன்று வந்தது, பிறகு விலை ஏறிவிட்டது. பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு அது அறுபது சதவீத விலையில் செமஸ்டர் தொகையோடு சேர்ந்தே வருகிறது. விரைவு ரயில்களில் செல்லாது, வட்டார ரயில், டிராம், பேருந்து எல்லாவற்றிலும் செல்லும். நேரம் கூடும், ஆனால் படிக்கப் புத்தகமும் புளிசாதமும் இருந்தால் நேரம் ஒரு பொருட்டில்லை. எங்கள் நாளில் மாநிலத்துக்குள் மட்டும் செல்லும் டிக்கெட்தான். அதை வைத்துக்கொண்டு ஆகனில் புறப்படும் ஆர்இ 1 வண்டியில் ஏறி, கொலோன், டுசல்டார்ஃப், எஸன், டோர்ட்முண்ட் எல்லாம் தாண்டிக் கடைசி நிறுத்தமான ஹம் வரை போனேன்.

ஹம் நகரத்துக்கு வெளியே, தொழிற்சாலைகளுக்கு நடுவில், காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. இலங்கையிலிருந்து போர்க்காலத்தில் அகதிகளாக வந்த தமிழர்கள் கட்டியது. ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கிய வழிபாடு, 2002-ல் ராஜகோபுரத்தோடு கூடிய கோயிலாகக் குடமுழுக்குக் கண்டது. கோடையில் தேர்த்திருவிழா நடக்கும். ஐரோப்பா முழுக்க இருந்து ஆயிரக்கணக்கில் வருவார்கள். தீர்த்தத் திருவிழாவுக்குச் சாமியைப் பக்கத்துக் கால்வாய்க்கு எடுத்துப் போவார்கள், சரக்குப் படகு ஓடும் அதே கால்வாய்தான். நான் போனபோது அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியம்மா திரும்பி, “எங்கயிருந்து பிள்ளை வந்தனீங்கள்?” என்று கேட்டார். விருதுநகர் என்றேன். “தனியவோ இருக்கிறீங்கள்? சமைக்கத் தெரியுமோ?” அடுத்த அரை மணி நேரம் தோசை மாவைப் பற்றித்தான் பேசினோம். அவர்கள் ஊர்த் தோசையில் வெந்தயம் கூட இருக்கும், மாவிலேயே தாளித்துக் கொட்டுவார்கள். குளிர் காலத்தில் கொஞ்சம் சோற்றைச் சேர்த்து அரைத்தால் மாவு சீக்கிரம் புளிக்கும் என்றும் சொல்லிக்கொடுத்தார். எல்லாவற்றையும் இழந்து அந்த நாட்டுக்கு வந்து, குளிரில் மாவு புளிக்க வைப்பது எப்படி என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான். முப்பது வருடம் முன்னால் உளுந்துக்கு அவர்கள் எங்கே அலைந்தார்களோ! நான் கடையில் போய் ஒரு பாக்கெட் உளுந்து எடுக்கும்போதெல்லாம் அந்தப் பெரியம்மா ஞாபகத்துக்கு வருவார்.

உங்களுக்கு நடைமுறையில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால்: குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும். விண்ணப்பக் கடைசி நாள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். பல இடங்களில் மார்ச்சில் தொடங்கி ஜூலை 15-க்குள் முடிந்துவிடும். ஏபிஎஸ் இப்போதே. படிப்பு ஆங்கிலத்தில் என்றாலும் ஜெர்மன் மொழியில் ஏ2 என்ற அடிப்படை நிலை வரையாவது படித்துவிட்டுப் போங்கள், சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனில் வகுப்பு நடக்கிறது. வீட்டு ஒப்பந்தமும் காய்கறிக் கடையும் ஆங்கிலத்தில் நடக்காது. அங்கே வேலை செய்யலாம், வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்று 2024 மார்ச்சிலிருந்து விதி. முதல் செமஸ்டரில் மட்டும் வேலைக்குப் போகாதீர்கள். பட்டம் வாங்கிய பிறகு வேலை தேட 18 மாதம் வரை தங்க அனுமதி உண்டு. சனிக்கிழமை காலை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், போகும் வழியில் தராசு வாங்கிக்கொண்டு போங்கள்.

‘ஒண்ணைப் பிடி’ என்று என் வீட்டிலும் சொன்னார்கள். சொன்னது அம்மாதான். 2018 ஜூனில் அம்மா ஒரு மாதம் என்னோடு வந்து தங்கினார். இரண்டாம் நாள் ‘நான் ரசம் வைக்கிறேன்’ என்று அடுப்படிக்குப் போனார். புளி தாய்லாந்துப் புளி, மிளகு வேறு, அடுப்பு வேறு. கையில் புளியை உருட்டிப் பார்த்தார், மறுபடி உருட்டினார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “அந்த நோட்டு வச்சிருக்கியா? அதுல எத்தனை கிராம்னு போட்டிருக்க?”